பெரியவளின் பாஸ்வேர்டு

காய்கறிப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாளே பெரியவள், அந்த இடத்தில்தானே போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம்? ஹால் மூலையில் அவளுடைய கம்ப்யூட்டர். அதன் முன்னால் அவளுடைய நாற்காலி. நாற்காலியில் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, இந்த வீட்டுக்கு வந்து முழுசாகப் பத்து மாதம்கூட ஆகாத சின்னவள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பெரியவளின் புருஷன். இரண்டு பேரும் திரையைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரித்தால் ஒன்றுமே இல்லை. சின்னவள் டைப் அடிக்கப் பழகுகிறாளாம். விரல் சிக்கி ஒரே எழுத்து வரிசையாக நாற்பது தடவை விழுந்துவிட்டதாம். அதற்குத்தான் சிரிப்பாம். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பெரியவளும் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது எரிந்தது.

எரியாதா பின்னே! கல்யாணமாகி ஆறு வருஷம். கம்ப்யூட்டர் வந்து நாலு வருஷம். கட்டப்போகிற வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். "இந்த மாடிப்படி எப்படி இருக்குன்னு வந்து பாருங்களேன்" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்! "எனக்கு அந்த எழவெல்லாம் புரியாதும்மா. ஸ்டீரிங்கைக் குடு, ஓட்டறேன்" என்பான். ஸ்கூல் பஸ் டிரைவர் அவன். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட ஸ்டூல் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவள் கூப்பிட்டால் புரியாத எழவு, சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் எப்படிப் புரிந்ததாம் அவனுக்கு?

அதைவிடப் பெரிய கொடுமை, பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். அவர்கள் கல்யாணத் தேதிதான் அந்தப் பாஸ்வேர்டு. அவசர ஆத்திரத்துக்கு இருக்கட்டும் என்று புருஷனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அவன் அதை லட்டு மாதிரி தூக்கிச் சின்னவள் கையில் கொடுத்திருக்கிறான். தன் கல்யாணத் தேதியை இன்னொருத்தி இடது கையால் தட்டித் தட்டி உள்ளே போயிருக்கிறாள் என்பதை நினைத்தாலே பெரியவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இடது கை என்று சொன்னேன் அல்லவா? அதை வைத்துத்தான் பெரியவளுக்கு முதலில் சந்தேகமே வந்தது. ஒரு மாதமாகவே மவுஸ் இடம் மாறி இடப்பக்கம் கிடந்தது. நாற்காலி இறங்கியிருந்தது. விசைப்பலகையில் பவுடர் வாசனை. குப்பை கொட்டப் போவதற்குக்கூட முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போகிறவள் அந்த வீட்டில் ஒருத்திதானே?

அந்த வீட்டில் எல்லாமே பொது. இரண்டு படுக்கையறையில் ஆளுக்கொரு ஜோடி, ஹாலில் மாமியார், மத்தியில் எல்லோருக்குமாக ஒரே குளியலறை. சோப்பு பொது, குடை பொது, வாசலில் கிடக்கும் செருப்பில் எது யார் காலுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு அறையில் மேஜைக்கு இடமில்லை என்பதால்தான் கம்ப்யூட்டரே ஹாலுக்கு வந்தது. ஆனாலும் அது அவளுடையது. அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. "இது என்னுது" என்று அந்த வீட்டில் அவள் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அதிலும் வந்து உட்கார்ந்துவிட்டாள் சின்னவள்.

மறுநாளே கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நல்ல யோசனை ஒன்று சொன்னார்.

"உங்க ஓரகத்திக்குன்னு தனியா ஒரு கணக்கு போட்டுக் குடுத்துடலாம் மேடம். அவங்க பேரை அழுத்தினா அவங்க பக்கம் மட்டும்தான் திறக்கும். உங்க வேலை எதுவும் அவங்க கண்ணுல படாது. ரெண்டு பேருக்கும் தொந்தரவு இல்ல."

"அதாவது என் கம்ப்யூட்டருக்குள்ள அவளுக்குத் தனியா ஒரு ரூம் கட்டிக் குடுக்கச் சொல்றீங்க."

"ரூம்னு இல்ல மேடம்..."

"எனக்குப் பூட்டு மட்டும் போதும்."

பூட்டு விழுந்தது. புது பாஸ்வேர்டு. ஒரு நிமிஷம் கை எடுத்தால் திரை தானே மூடிக்கொள்ளும். ஐந்து தடவை தப்பாக அடித்தால் அரைமணி நேரம் யார் வந்தாலும் திறக்காது. அதோடு விட்டாளா? ரிப்பேர்காரர் போனதும், வரைபடங்களை எல்லாம் முகப்பிலிருந்து எடுத்து, ஒரு ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு ஃபோல்டர் என்று உள்ளே உள்ளே ஒளித்து வைத்தாள். அந்தக் கடைசி ஃபோல்டருக்கு 'பிரிண்டர் கோளாறு' என்று பெயர் வைத்தாள். அப்படி ஒரு பெயரைப் பார்த்து எவளாவது ஆசையாகத் திறப்பாளா? தினமும் உள்ளே உள்ளே போய்த் தேட வேண்டாமே என்று, பழைய இடத்திலேயே பழைய பெயரில் ஒரு ஷார்ட்கட் மட்டும் வைத்துக்கொண்டாள். அதைத் தட்டினால் நேராக அங்கே கொண்டுபோய் விடும். பார்க்க அச்சாகப் பழைய ஃபோல்டர் மாதிரியே இருக்கும், மூலையில் பொடியாக ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு டைப் அடிக்கப் பழகுகிற பெண்ணுக்காக.

இன்றைய காலைக்கு வருவோம். பெரியவளுக்கு இன்று முக்கியமான நாள். இத்தனை வருஷமாக ஓர் இன்ஜினீயர் அம்மாவின் ஆபீசுக்கு வீட்டில் இருந்தபடியே வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் ஒருவர், கீழே கிளினிக், மேலே வீடு என்று மூன்று மாடி கட்டப்போகிறார். முழுக்க முழுக்க அவள் போட்ட வரைபடம். மதியம் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் ஆபீசுக்கு வருகிறார். "நீயே வந்து நீயே விளக்கு. அவருக்குப் பிடிச்சிருந்தா, திங்கக்கிழமையிலேருந்து ஆபீஸ்ல உனக்குன்னு ஒரு மேஜை" என்று இன்ஜினீயர் அம்மா சொல்லியிருந்தார். மேஜை! அவளுக்கே அவளுக்கென்று ஒரு மேஜை. யாரும் நாற்காலியை இறக்க மாட்டார்கள், யாரும் மவுஸை நகர்த்த மாட்டார்கள்.

எட்டரை மணிக்குக் கிளம்ப வேண்டும். எட்டே காலுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து பென் டிரைவைச் சொருகினாள். மாமியார் மூட்டுவலி சிகிச்சைக்குச் சின்ன மகனோடு புறப்பட்டுக்கொண்டிருந்தவர், செருப்பைத் தேடியபடியே ஆரம்பித்தார்.

"ஏம்மா, அதுக்குப் பூட்டு போட்டிருக்கியாமே?"

"ஆபீஸ் வேலை இருக்கு அத்தை."

"நான் பீரோவையே பூட்டறதில்ல."

அதற்குள் சின்னவள் ஒரு தம்ளர் காபியோடு வந்து நின்றாள். தலை வாரி, பொட்டு வைத்து, காலை எட்டே காலுக்கே கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். "சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் உக்காந்துக்கட்டுமாக்கா? ஒரு டைப்பிங் பரீட்சை வருது. எழுதலாம்னு..."

"இன்னிக்கு வேணாம்."

"குடேன்" என்றான் டிரைவர், சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே. "பத்து நிமிஷத்துல தேஞ்சா போயிடும்?"

பெரியவளுக்கு மூக்கு விடைத்தது. ஆறு வருஷத்தில் அவளுக்காக யாரிடமாவது ஒரு 'குடேன்' சொல்லியிருப்பானா இந்த மனுஷன்? திரையில் இருந்த பழைய இடத்திலிருந்து பழைய பெயரை இழுத்துப் பென் டிரைவில் போட்டாள். கை பழக்கம். நாலு வருஷமாக அந்த இடத்தில் இருந்ததைத்தான் அந்தக் கை இழுத்தது. காபியைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போர்த்தி, துண்டின் நுனியை மூலையோடு மூலை சரிபார்த்து வைத்துவிட்டு, "வர ஏழு மணியாகும்" என்று பொதுவாகச் சுவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆபீசில் பதினொன்றரை மணிக்குப் பென் டிரைவைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வரைபடம் இல்லை. ஃபோல்டர் மாதிரி ஒன்று இருக்கிறது, தட்டினால் 'கிடைக்கவில்லை' என்கிறது. மறுபடி தட்டினாள். கிடைக்கவில்லை. அப்போதுதான் மூலையில் இருந்த அந்தப் பொடி அம்புக்குறி கண்ணில் பட்டது. வீட்டைக் கொண்டுவருவதற்குப் பதிலாக வீட்டுக்கு வழி எழுதின சீட்டை மட்டும் கொண்டுவந்திருக்கிறாள்! சின்னவள் கண்ணில் படக்கூடாது என்று ஒளித்தது இவள் கைக்கே தப்பிவிட்டது.

"என்னம்மா, ரெடியா?" என்றார் இன்ஜினீயர் அம்மா. நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, யாரையும் உட்காரச் சொல்லாமலே பேசுகிற ரகம்.

"படம்... வீட்லயே இருந்துடுச்சு மேடம்."

"வீடு எவ்வளவு தூரம்?"

"போக வர ஒன்றரை மணி நேரம்."

"வீட்ல யாராவது இருந்தா அனுப்பச் சொல்லு. ரெண்டு நிமிஷ வேலை. டாக்டர் கீழ வந்தாச்சுன்னு போன் வந்தா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ரெண்டு நிமிஷ வேலை! சொல்கிறவருக்கு என்ன? பெரியவள் மாடிப்படிப் பக்கம் ஓடிவந்து புருஷனுக்குப் போன் போட்டாள். பின்னாலே சுத்தியல் சத்தம் கேட்டது. இன்று பஸ்ஸுக்கு பிரேக் வேலை.

"நான் வொர்க்ஷாப்ல கெடக்கறேன். வண்டியை மேல தூக்கி வச்சிருக்காங்க, எப்படி வர்றது? வீட்ல சின்னவ இருக்கால்ல? அவகிட்ட சொல்லேன். அவ கில்லாடி, சட்டுனு பண்ணிடுவா."

"கில்லாடியா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வைங்க."

கில்லாடிதான். மாமியாரும் கொழுந்தனும் சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவள் அந்தக் கில்லாடி ஒருத்திதான். எவளுக்காகப் பூட்டு போட்டாளோ அவளிடமே சாவியைக் கொடுக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். பாஸ்வேர்டு என்ன என்று உங்களுக்கு இன்னும் நான் சொல்லவில்லையே!

மினுக்கி. அதுதான் பாஸ்வேர்டு.

சின்னவள் வந்த புதிதில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "உங்க தம்பி பெண்டாட்டிக்கு இனிமே பேரு மினுக்கி" என்று புருஷனிடம் சொன்னாள் பெரியவள். அவன் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். அப்புறம் இரண்டு மாதம் அது அவர்களுக்குள் ஓடியது. சாப்பாட்டு மேஜையில் சின்னவள் வளையலைக் குலுக்கினால் இவள் அவனைப் பார்ப்பாள், அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்குவான். அந்தப் பெயர் இன்னொரு ஜீவனுக்குத் தெரியாது. அந்த நெரிசல் வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று இருந்தது அந்த ஒரு சிரிப்புத்தான். அதனால்தான், போன வாரம் கோபத்தில் விரல்கள் தவித்தபோது அந்த வார்த்தை தானாக வந்து விழுந்தது. தன் பெயரையே அவள் ஊகிக்கமாட்டாள் என்று ஒரு சந்தோஷம் வேறு.

இப்போது பதினொன்று முப்பத்தெட்டு. மாடிப்படியில் நின்றபடி மேஜையை நினைத்தாள். 'நெட் வேலை செய்யலை, நாளைக்குக் கொண்டு வர்றேன்' என்று புளுகிவிடலாமா? டாக்டர் நாளைக்கு வெளியூர் போகிறார். மேஜையும் அவரோடு போய்விடும். போனை எடுத்தாள்.

"அக்கா! சொல்லுங்கக்கா."

"கம்ப்யூட்டரைப் போடு. அவசரம்."

"அய்யோ, நான் தொடவே இல்லக்கா! துண்டு போர்த்தினபடியேதான் இருக்கு."

"தெரியும். இப்பத் தொடு."

பெரியவள் விஷயத்தைச் சொன்னாள். சின்னவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. துண்டு விலகும் சத்தம், நாற்காலி 'உஸ்' என்று இறங்கும் சத்தம், எல்லாம் போனில் கேட்டது. அந்த நாற்காலி இறங்கும் சத்தத்தில் பெரியவளுக்கு மறுபடி ஒரு முறை எரிந்தது.

"பாஸ்வேர்டு கேக்குதுக்கா."

"எழுத்து எழுத்தா சொல்றேன். அப்படியே அடி. படிக்காதே."

"சரிக்கா."

"இங்கிலீஷ்ல. எம்."

"எம். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?"

"பெரிசு." திட்டுகிற பெயருக்கு முதலெழுத்துப் பெரிசு! மரியாதை குறையக்கூடாது பாருங்கள். "அடுத்தது எல்லாம் சின்ன எழுத்து. ஐ. என். யூ."

மறுமுனையில் தட்டும் சத்தம். மெதுவாக, ஒரு கையால்.

"கே."

தட்டும் சத்தம்.

"இன்னொரு கே."

தட்டும் சத்தம் வரவில்லை.

படிக்கட்டில் யாரோ ஒரு பையன் டீ தம்ளர்களோடு இறங்கிப் போனான். பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ரெண்டு கேவாக்கா?" என்றது சின்னவளின் குரல்.

"ரெண்டு கே."

"அப்புறம் ஐ-யா?"

"ஐ."

"அவ்வளவுதானா?"

"கடைசில ஒரு ஆச்சரியக்குறி."

அதையும் அடித்தாள். பிறகு, "திறந்துடுச்சுக்கா" என்றாள். குரலில் ஓர் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. "எங்க இருக்கு படம்?"

'பிரிண்டர் கோளாறு' வரைக்கும் பெரியவள் வழி சொன்னாள். இவள் நாலு அடி சொல்வதற்குள் அவள் ஆறு அடி போய்க்கொண்டிருந்தாள். "அக்கா, இது பெரிய ஃபைலா இருக்கு. மெயில்ல ஏறாது. மேல ஏத்திட்டு லிங்க் அனுப்பட்டுமா? இல்லேன்னா படமா மாத்தி முதல்ல அதை அனுப்பறேன், டாக்டருக்குக் காட்டறதுக்கு அது போதும். ஒரிஜினல் பின்னாலேயே வரட்டும்."

பெரியவளுக்கே தோன்றாத யோசனை. அதற்குள் இன்ஜினீயர் அம்மா வந்து, "என்ன ஆச்சு, இப்படிக் குடு" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஆமாம்மா... ஆமாம்... சபாஷ். அதேதான். அனுப்பு." போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் பெரியவள் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்பு.

"கெட்டிக்காரப் பொண்ணா இருக்கே! யாரு உனக்கு?"

"என் ஓரகத்தி."

"ஓரகத்தியா? பாஸ்வேர்டெல்லாம் சொல்ற அளவுக்கு ஒத்துமையா! குடுத்து வச்சவம்மா நீ."

பெரியவள் தலையை ஆட்டி வைத்தாள். வேறு என்ன செய்வாள்?

டாக்டர் பன்னிரண்டு ஐந்துக்கு வந்தார். எல்லாம் பிடித்துவிட்டது. மாடிப்படி திரும்பும் இடத்தில் வெளிச்சம் வருகிற மாதிரி வைத்த ஜன்னலை இரண்டு தடவை பாராட்டினார். திருத்தம் நிறைய வரும், ஏழு மணி ஆகும் என்று நினைத்தது நாலு மணிக்கே முடிந்தது. "திங்கக்கிழமை ஒம்பதுக்கு வந்துடு. அதோ, ஜன்னலோரம், அதுதான் உன் மேஜை" என்றார் இன்ஜினீயர் அம்மா. பெரியவள் போய் அந்த மேஜையை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நேரம். குதிக்கத் தோன்றாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்த 'ரெண்டு கேவாக்கா' காதுக்குள் கேட்டபடி இருந்தது. அவள் அழுதிருப்பாளா? கொழுந்தனிடம் சொல்லியிருப்பாளா? மாமியார் வந்ததும் ஒரு மூச்சு அழுது தீர்ப்பாளா? சொன்னால்தான் என்ன, சொல்லட்டுமே என்று ஒரு நிமிஷம் வீம்பு வந்தது. அடுத்த நிமிஷமே வெட்கம் வந்தது. ஒரு பெண் தனக்கு விழுந்த வசவைத் தானே எழுத்துக் கூட்டி அடித்து, கதவைத் திறந்து, இவள் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் போனை வைத்திருப்பேன் என்று பெரியவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். வீட்டில் மற்றவர்கள் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

ஐந்தேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். மாமியார் இன்னும் வரவில்லை. ஹாலில் சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் மேல் துண்டு, மூலையோடு மூலை சரியாக.

"அக்கா! அதுக்குள்ள வந்துட்டீங்களா?" எழுந்தேவிட்டாள். "ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"மேஜை குடுத்துட்டாங்க. திங்கக்கிழமையிலேருந்து."

"அப்பாடா! எனக்கு இங்க இருப்பே கொள்ளல. லிங்க் சரியாத் திறந்துச்சா, இல்லியான்னு..." நிஜமாகவே சந்தோஷப்பட்டாள் பாவி மகள். பெரியவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பையை வைத்துவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அந்தப் பாஸ்வேர்டு..."

"விடுங்கக்கா."

"இல்ல, சொல்லிடறேன். உன்னை நினைச்சுத்தான் வச்சேன். பொறாமைதான், வேற என்ன! நீ வந்ததுலேருந்து எல்லாருக்கும் நீதான் கண்ணு. நான் போட்ட படத்தைத் திரும்பிப் பாக்காத மனுஷன், நீ டைப் அடிக்கறதை ஸ்டூல் போட்டு உக்காந்து பாக்கறார். எனக்குத் தாங்கல. அதுக்காக அப்படி ஒரு பேரு வச்சது தப்புதான். மன்னிச்சுடு."

சின்னவள் ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குக் கோவமில்லக்கா. பேரு எனக்குத் தெரியும்."

"தெரியும்னா? எழுத்து சொல்றப்போ புரிஞ்சுக்கிட்டியா?"

"அதுக்கு முன்னாடியே. ரொம்ப நாளா. ஆனா அது நீங்க வச்சதுன்னு தெரியாது. இன்னிக்குத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முகத்தில் பவுடரை மீறி ஒரு வெளிறல். "நீங்க ஏழு மணி ஆகும்னுதானேக்கா சொன்னீங்க?"

"சொன்னேன். சீக்கிரம் விட்டுட்டாங்க. ஏன்?"

"இல்ல, சும்மாதான்." சட்டையைப் போட்டுவிட்டு எழுந்து வாசல் பக்கம் இரண்டடி வைத்தாள். "கீழ போய்க் கொடியில மீதித் துணியை..."

"துணி எல்லாம் இங்கதானே இருக்கு?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி விட்டு ஒரு படி தாவி வருகிற சத்தம். ஆறு வருஷமாகப் பெரியவளுக்குப் பழக்கமான சத்தம்தான், ஆனால் அவள் வீட்டில் இருக்கும் நாட்களில் அது இப்படித் தாவினதில்லை. விசில் வேறு. கதவில் விரலால் தாளம் போட்டது அந்தக் கை.

"மினுக்கீ! கதவைத் திற, மினுக்கி! பிரேக் வேலை முடிஞ்சு நேரா வர்றேன்."

சின்னவளின் கண் தரையைப் பார்த்தது.

பெரியவள் வைத்த பெயர்தான். அவள் வசவாக வைத்தது. அவள் புருஷன் காதில் மட்டும் போட்டது. அதை அவன் இவ்வளவு நாளாக எடுத்துவந்து, வேறு யாரும் இல்லாத நேரங்களில் இங்கே செல்லப் பெயராகச் செலவழித்திருக்கிறான். அந்தக் குரலில் இருந்த குழைவு, ஆறு வருஷத்தில் ஒரு தடவையாவது அவளைக் கூப்பிடும்போது வந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். வந்ததில்லை.

"என்ன, தூக்கமா? பூட்டைத் திறந்து உங்க அக்கா மானத்தைக் காப்பாத்தியிருப்பியே, கில்லாடி!" வெளியே அவன் சிரித்தான். "சொல்லு, சொல்லு. அப்படி என்னதான் பாஸ்வேர்டு வச்சிருந்தா அவ?"

சின்னவள் தாழ்ப்பாளை நோக்கி நீட்டிய கையைப் பெரியவள் மெல்ல விலக்கினாள். அவளே தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"இப்பக் கூப்பிட்டீங்களே" என்றாள் பெரியவள், "அதான்."